நாலு மணி மாத்திரை

கப்பலூர் ரப்பர் கம்பெனியில்
என் பெயர் தூங்குமூஞ்சி.
காலையில் ஆயிரம் வாஷர் பார்ப்பேன்,
பிசிறு, குமிழி, மயிரிழை வெடிப்பு
எதுவும் தப்பாது.
மூன்று மணிக்கு மேல்
இடது இமை ஷட்டர் மாதிரி இறங்கும்.
தூக்கமில்லை சார் என்று சொல்வதற்குள்
நாக்கும் இறங்கியிருக்கும்.
சிரித்துச் சமாளிக்கப் பார்ப்பேன்.
பாதியில் நின்றுபோகும் என் சிரிப்பு
உறுமுவது மாதிரி இருக்குமாம்.

பெரியாஸ்பத்திரியில் ஜெசிந்தா டாக்டர்
ஓ.பி. சீட்டின் பின்பக்கம் படம் போட்டார்.
இது நரம்பு, இது தசை, நடுவில் ஒரு வாசல்.
"கப்பலூர்லதான வேலை, டோல்கேட் தெரியும்ல?"
சேதி வண்டி வண்டியாய் வருகிறது.
பூத்தை மறித்து உட்கார்ந்திருக்கிறார்கள்,
உன் ரத்தத்தின் ஆட்கள்தான்,
உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு.
மாத்திரை போட்டால் கொஞ்ச நேரம் வண்டி போகும்.
சாயங்காலம் நாலு மணி மாத்திரையை மட்டும்
மறந்துடாதே.

கல்யாணம் பண்ணலாமா என்று கேட்டேன்.
பண்ணலாம்.
பிள்ளை?
பெத்துக்கலாம், இங்கேயே வந்து பெத்துக்க என்றார்.
அந்த 'இங்கேயே'வை
அப்போது நான் கவனிக்கவில்லை.

நீ ஐப்பசி மழையில் பிறந்தாய்.
வார்டே தொண்டை கிழியக் கத்தும்போது
உன்னிடமிருந்து
பூனைக்குட்டி தும்மினாற்போல் ஒரு சத்தம்.
சாதுவா இருக்கான் என்று
சோணைமுத்து ஊருக்கெல்லாம் போன் போட்டான்.
இரண்டாம் நாள், பக்கத்துக் கட்டில் பரவைக்காரம்மா
எட்டிப் பார்த்துச் சொன்னார்:
தாயைப் போல பிள்ளை.

அவர் மூக்கைச் சொன்னார்.
நான் இமையைப் பார்த்தேன்.
பாதி இறங்கிய ஷட்டர்.
மார்பில் வைத்தேன். உதடு பிடித்தது,
இரண்டு இழுப்பு,
பிறகு பால் கடைவாயில் வழிந்து
காதுக்குள் போனது.

சிஸ்டர் என்று கத்தினேன்.
மணி ஐந்து, என் குரலும் குழறியது.
லூர்து சிஸ்டர் என் வாயைப் பார்த்தார்,
உன் வாயைப் பார்த்தார்,
ஒன்றும் கேட்காமல் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

தொப்புள்கொடி வழியாக என்னென்னவோ கொடுத்தேனாம்,
இரும்பு, சர்க்கரை, அம்மைக்கு எதிரான காவல்.
அதே வண்டியில் இவர்களும்
தொற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.
மாமியார் நேராக எதுவும் சொல்லவில்லை.
நீ கண்ணாடிப் பெட்டியில் இருந்த நாளெல்லாம்
ஆட்டோவுக்குக் காசு கொடுத்தார்,
என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார்.

உன் மூக்கில் குழாய்.
பீய்ச்சிய பால் பதினைந்து மில்லி.
சிரிஞ்சை உயரப் பிடித்தால் தானே இறங்கும்.
உயரப் பிடிக்க என் கைக்குத் தெம்பில்லை.
வலது முழங்கையை இடது கையால் தாங்கி நின்றேன்.
அப்படியே ஒன்பது நாள்.

"அவனுக்கு இது இரவல்தான்மா,
சில வாரத்துல கரைஞ்சிரும்.
உனக்குத்தான்..."
டாக்டர் முடிக்கவில்லை.
எனக்குத் தெரியும். என் ஆட்கள்
என் வீட்டிலேயே தினமும் பிறக்கிறவர்கள்.

அப்புறம் பாலாடை. அப்புறம் மார்பு,
நாலு இழுப்பு, ஏழு இழுப்பு.
எண்ணுவதை எப்போது விட்டேன் என்று ஞாபகமில்லை.

திருநகர் வீட்டில்,
கரண்ட் போன ஒரு சாயங்காலம்
நீ கத்தினாய்.
மாடி வீட்டுக்காரர் டார்ச்சோடு இறங்கி வருகிற அளவுக்கு,
மூக்கு சிவக்க, உள்நாக்கு தெரிய.
மாமியார் அடுப்படியிலிருந்து ஓடி வந்து
முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

அன்றைக்கு மாத்திரையை மறந்திருந்தேன்.
இரண்டு இமையும் இறங்கிக்கொண்டிருந்தன.
நீ அழுவதைப் பார்த்தே ஆகவேண்டும்.
ஆள்காட்டி விரலால்
ஒரு கண்ணை மட்டும் தூக்கிப் பிடித்தேன்.
கத்துடா என்றேன்,
எனக்கே புரியாத குழறலில்.

நீ நிறுத்தினாய். அந்த ஒற்றைக் கண்ணைப் பார்த்தாய்.
மூச்சை இழுத்துக்கொண்டு
மறுபடி ஆரம்பித்தாய்.